கேட்டுக்குத் தகடு அடிக்கும் முன் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள்

திருச்சிக்கு வெளியே உள்ள ஒரு மனைப்பிரிவிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 61. அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு பக்கக் கடிதம். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மாமனார் கட்டிய வீடு. 2009இல் பாகப்பிரிவினை நடந்து பத்திரம் பதிவாகியிருக்கிறது. கீழ்த்தளமும் அதன் முன்னால் உள்ள சிறு தோட்டமும் வாசகியின் கணவருக்கு. மாடி கொழுந்தனாருக்கு. வாசலில் பத்தடி அகலம், ஐந்தடி உயரத்தில் இரட்டைக் கதவு கேட். நெடுக்குக் கம்பிகள் மட்டும் வைத்தது. சில மாதங்களாக எதிர்ப்புறம் ஒரு தேநீர்த் தள்ளுவண்டி நிற்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களுக்குப் பார்க்க வேறு காட்சி இல்லாததால், எல்லாக் கண்களும் இந்த வீட்டுக்குள் வந்து விழுகின்றன. வாசகி நந்தியாவட்டைப் பூப் பறிப்பதையும், பிரசவத்துக்குப் பின் வந்திருக்கும் மருமகள் குழந்தையோடு திண்ணையில் உட்காருவதையும் அவர்கள் பார்க்கிறார்கள்.

கேட்டுக்குத் தகடு அடித்துவிடலாம் என்று வாசகி முடிவு செய்தார். கொழுந்தனார் சம்மதிக்கவில்லை. அவர் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரில் பட்டறைக்காரரை வரவழைத்து ஒரு கதவுக்குத் தகடு பற்றவைத்துவிட்டார். மற்றக் கதவுக்கான தகடும் வெட்டித் தயாராக இருக்கிறது. பத்து நாள் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. மாடியில் இருப்பவரிடமிருந்து கீழே இருப்பவருக்கு, விரைவுத் தபாலில். இருபது ஆண்டுக்கு மேல் அனுபவித்துவந்த காற்றும் வெளிச்சமும் தடைபட்டதாகவும், 15 நாளில் தகட்டை அகற்றாவிட்டால் வழக்கு தொடரப்படும் என்றும் அதில் இருக்கிறது.

வாசகி கேட்பது இதைத்தான்: "என் வீட்டு வாசலை மறைக்க எனக்கு உரிமை இல்லையா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே! அதை வைத்துத் தள்ளுவண்டியை அப்புறப்படுத்த முடியாதா? நகராட்சி அனுமதி இல்லாமல் தகடு அடித்தது குற்றம் என்று ஓரகத்தி சொல்கிறாளே, உண்மையா?"

அன்புள்ள அம்மா,

சின்ன விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். இருக்கிற கேட்டின் கம்பியில் தகடு பற்றவைப்பதற்குக் கட்டட அனுமதி கேட்ட அலுவலகம் எதையும் என் தொழிலில் நான் பார்த்ததில்லை. சுற்றுச்சுவரை உயர்த்துவது, வாசலில் வளைவு கட்டுவது, கேட்டைச் சாலைப் பக்கம் தள்ளி வைப்பது இவையெல்லாம் வேறு கணக்கு. நீங்கள் செய்தது அவற்றில் எதுவும் இல்லை. ஓரகத்தியின் பயமுறுத்தலை இத்தோடு விட்டுவிடுங்கள்.

நோட்டீஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். பதில் அனுப்பாவிட்டால் சிறை என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் நாளை வழக்கு வந்தால், "நோட்டீஸுக்கே பதில் சொல்லாதவர்கள்" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வரியாக இருக்கும். அந்தப் பதில் உங்கள் பெயரில் போகக்கூடாது. பத்திரம் உங்கள் கணவர் பெயரில் இருக்கிறது. கடிதம் முழுக்க அவர் "இதிலெல்லாம் வாயே திறக்க மாட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீதிமன்றத்தின் பார்வையில் கட்சிக்காரர் அவர்தான். வாயைத் திறக்க வேண்டாம், கையெழுத்துப் போட்டால் போதும்.

கேட் யாருடையது?

உங்கள் கேள்வியிலேயே ஒரு பிசகு இருக்கிறது: "என் வீட்டு வாசல்." கடிதத்தோடு அனுப்பிய பத்திர நகலை இரண்டு முறை படித்தேன். சொத்து விவரத்தின் கடைசிப் பத்தி: "கேட்டும், கேட்டிலிருந்து மாடிப்படி வரையிலான நடைபாதையும் இரு தரப்பினரும் பொதுவில் அனுபவித்துக்கொள்ள வேண்டியது." தோட்டம் உங்களுடையது, திண்ணை உங்களுடையது. கேட் மட்டும் இருவருடையது. பாகப்பிரிவினையின்போது எல்லோரும் அறைகளின் அளவைத்தான் அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார்கள். கிணறு, கேட், மொட்டை மாடித் தண்ணீர்த்தொட்டி ஆகியவற்றைக் கடைசியில் ஒரே வரியில் "பொது" என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவார்கள். பின்னால் நீதிமன்றத்துக்கு வருவது பெரும்பாலும் அந்த ஒரு வரிதான்.

பொதுவான ஒன்றைப் பங்குதாரர்கள் எல்லோரும் பயன்படுத்தலாம். மற்றவரின் சம்மதம் இல்லாமல் அவருக்கு இடைஞ்சலாக மாற்ற முடியாது. நீங்கள் சம்மதம் கேட்டீர்கள், மறுத்தார், பிறகு அவர் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்தீர்கள். ஆசிரியராக இருந்தவர் நீங்கள். இந்த மூன்றையும் வரிசையாக ஒரு நீதிபதி முன் வைத்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தகட்டை அகற்றச் சொல்லும் நீதிமன்ற உத்தரவு, அதாவது உறுத்துக்கட்டளை, கேட்டு அவர் உரிமையியல் நீதிமன்றம் போனால், அவர் பக்கம் வலுவாகவே இருக்கும்.

காற்றுக்கு இருபது ஆண்டு உரிமை

ஆனால் அவருடைய வழக்கறிஞர் அந்த வலுவான வாதத்தை விட்டுவிட்டுப் பலவீனமான ஒன்றைப் பிடித்திருக்கிறார். இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882இன் 15ஆம் பிரிவு: ஒரு கட்டடத்துக்கு அடுத்தவர் நிலத்தின் வழியாக வெளிச்சமும் காற்றும் இருபது ஆண்டுகள் இடையறாமல், வசதியுரிமையாக, அமைதியாக வந்துகொண்டிருந்தால் அது நிலைத்த உரிமையாகிவிடும். இதைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். அதே சட்டத்தில் இரண்டு பிரிவு தள்ளிப் போனால், 17ஆம் பிரிவு இருக்கிறது. திறந்தவெளி நிலத்துக்குக் காற்றும் வெளிச்சமும் தடையின்றி வரவேண்டும் என்ற உரிமையை அப்படி நீண்டகால அனுபவத்தால் பெற முடியாது என்று அது சொல்கிறது. கேட்டுக்குப் பின்னால் இருப்பது நடைபாதையும் தோட்டமும், இரண்டும் திறந்தவெளி. மாடிச் சன்னலோ கேட்டைவிட மிக உயரத்தில் இருக்கிறது. ஐந்தடித் தகடு அதன் காற்றை எப்படித் தடுக்கும்? போதாக்குறைக்கு, வசதியுரிமை என்பதே அடுத்தவர் சொத்தின் மீது கேட்பது. கேட்டில் தானும் பங்குதாரர் என்பவர் அந்தக் கேட்டின் மீதே வசதியுரிமை கேட்க முடியாது.

ஆகவே உங்கள் கணவரின் பதிலில் காற்று வாதத்தை மறுக்கலாம், மறுக்க வேண்டும். அதை வைத்து வெற்றி பெற்றுவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். வழக்கு என்று வந்தால் அந்தப் பக்கத்து வக்கீலும் பத்திரத்தின் கடைசிப் பத்தியைப் படிப்பார். நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை அனுப்பலாம். அவர் வந்து டேப் பிடித்துக் கேட்டை அளப்பார். தேநீர் வண்டியில் நிற்பவர்களுக்கு இன்னும் நல்ல காட்சி கிடைக்கும்.

பார்வையைத் தடுக்கச் சட்டம் உண்டா?

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது உண்மைதான். அந்தத் தீர்ப்பு முதன்மையாக அரசைப் பார்த்துப் பேசியது. தனியார் மீது அதை எந்த அளவுக்கு நீட்டலாம் என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது என்றாலும், பொதுச் சாலையில் நிற்பவர் தன் கண்ணுக்கு எதிரே இருப்பதைப் பார்க்கக்கூடாது என்று அது எங்கும் சொல்லவில்லை.

இது புதிய சச்சரவும் இல்லை. பக்கத்து வீட்டுச் சன்னல் எங்கள் முற்றத்தைப் பார்க்கிறது என்ற வழக்குகள் பிரிட்டிஷ் காலத்திலேயே நிறைய வந்தன. ஊர் வழக்கத்தின் அடிப்படையில் அந்தரங்க உரிமை உண்டு என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 1888இல் ஏற்றுக்கொண்டது. வசதியுரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவிலும் அப்படியொரு எடுத்துக்காட்டு இருக்கிறது. நம் சென்னை உயர் நீதிமன்றம் அதே நூற்றாண்டில் வேறு வழியில் போனது: பார்வை விழுவது மட்டுமே வழக்குக்குரிய தீங்கு ஆகாது என்றது. மறைக்க வேண்டுமானால் நீ மறைத்துக்கொள் என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள். எனக்கு இதில் வருத்தம் இல்லை. பார்ப்பவரைத் தண்டிப்பதைவிடத் தட்டி கட்டுவது மலிவு.

ஒரு எல்லை உண்டு. யாராவது உங்கள் மருமகளைப் பார்த்துச் சைகை செய்தாலோ, பேசினாலோ, செல்பேசியில் படம் பிடித்தாலோ அது வெறும் பார்வை ஆகாது. பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தில் சொல்லும் சொல்லும் செய்யும் சைகையும், அவளுடைய தனிமைக்குள் நுழைவதும் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 79ஆம் பிரிவின்படி குற்றம். அப்போது தகடு பற்றி யோசிக்க வேண்டாம். காவல் நிலையத்துக்கோ, 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்கோ பேசுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

இன்னொன்றும் உங்கள் கடிதத்தில் இல்லை. மருமகள் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. குழந்தையோடு வெளிக்காற்றில் உட்காருவதுதான் அந்தப் பெண்ணுக்கு ஒரு நாளில் கிடைக்கும் ஓய்வாக இருக்கலாம். வாசலை முழுக்க அடைத்துவிட்டால் அவருக்கும் தெரு தெரியாது. தகடு வேண்டுமா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

தள்ளுவண்டிக்காரர்

அவரை அப்புறப்படுத்தும் எண்ணத்தைக் கைவிடுவது நல்லது. தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. உள்ளாட்சி அமைப்பு ஒரு வியாபாரியை இடம் மாற்றுவதற்கும் வெளியேற்றுவதற்கும் முப்பது நாள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. "என் வாசலுக்கு எதிரே நிற்கிறார்" என்பது அந்தச் சட்டத்தின் முன் நிற்கிற காரணமாகத் தெரியவில்லை. அவரிடம் இதுவரை நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைக் கவனித்தேன். வண்டியைப் பதினைந்து அடி தள்ளி, அந்தப் புங்கமரத்தடிக்கு நகர்த்த முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கும் நிழல் கிடைக்கும். ஓய்வு பெற்ற டீச்சர் சொன்னால் பெரும்பாலானவர்கள் கேட்பார்கள். பாதிப் பேர் உங்கள் மாணவர்களாகவும் இருப்பார்கள்.

சாக்கட்டியோடு ஒரு காலை

சட்டத்தைவிட எனக்குக் கவலை தந்தது உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் நீங்கள் வரைந்திருக்கும் படம். சாலை மட்டத்திலிருந்து திண்ணை மூன்றடி உயரம் என்று குறித்திருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சாலையில் நிற்கும் ஒருவரின் கண் ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் இருக்கும். உங்கள் கேட்டும் ஐந்தடி. அவர் பார்வை கேட்டின் மேல்விளிம்பை உரசிக்கொண்டு நேராக உள்ளே போகும். மூன்றடித் திண்ணையில் சம்மணமிட்டு உட்காருபவரின் தலை ஐந்தரை அடிக்குக் குறையாது. ஆக, இரண்டு கதவுக்கும் தகடு அடித்து, கொழுந்தனாரோடு நீதிமன்றம் வரை போய், அந்த வழக்கிலும் ஜெயித்தாலும், திண்ணையில் இருக்கும் மருமகளின் முகம் தேநீர் வண்டியிலிருந்து தெரியத்தான் செய்யும். பூப் பறிக்கும் உங்களை வேண்டுமானால் மறைக்கும், அவ்வளவே.

என் பேச்சை நம்ப வேண்டாம். ஒருநாள் காலை மகனை வண்டி நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். நீங்கள் திண்ணையில் உட்காருங்கள். வேறொருவர் கேட்டருகே நின்று, மகன் சொல்லச் சொல்ல, பார்வை கடக்கும் உயரத்தைக் கம்பியில் சாக்கட்டியால் கோடு போடட்டும். பிறகு திண்ணையின் விளிம்பிலேயே ஒரு பழைய சேலையை ஆளுயரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டு, மகனைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். ஆளுக்கு அருகில் இருக்கும் திரை சிறியதாக இருந்தாலே போதும். தூரத்தில் வைத்தால் அகலமும் வேண்டும், உயரமும் வேண்டும்.

திண்ணை உங்களுடையது. அங்கே சுருட்டி ஏற்றி இறக்குகிற மூங்கில் தட்டி கட்டினால் கொழுந்தனாரிடம் கேட்க வேண்டியதில்லை, பத்திரத்தில் அதற்குத் தடை இல்லை. காலை ஐந்திலிருந்து எட்டு வரை இறக்கிவிட்டு, பிறகு சுருட்டி வைக்கலாம். தோட்டத்தின் ஓரத்தில் ஆறடிக்கு ஒரு கம்பிச் சட்டம் நட்டு முல்லையோ சங்குப்பூவோ ஏற்றிவிட்டால், ஒரு மழைக்காலத்துக்குள் பூப் பறிக்கும் இடமும் மறைந்துவிடும். அவசரமானால் அதுவரை நிழல்வலை கட்டிக்கொள்ளலாம். கோலம் மட்டும் கேட்டுக்கு வெளியே. அதற்கு நான் என்ன செய்வது!

கேட்டிலும் ஏதாவது வேண்டும் என்று உங்களுக்கும் கணவருக்கும் தோன்றினால், கொழுந்தனாரின் மறுப்பில் நியாயமான ஒன்று இருப்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். காற்று வாதம் கிடக்கட்டும். "வண்டியை வெளியே எடுக்கும்போது குறுக்கே குழந்தை வந்தால் தெரியாது" என்று அவர் சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையான பயம். அடைத்த கேட்டுக்கு வேறு சங்கடமும் உண்டு: சுவரேறி உள்ளே குதித்த திருடன் தெருவுக்குத் தெரியமாட்டான்.

எடையும் சாதாரணமல்ல. ஒரு மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய எட்டுக் கிலோ. உங்கள் கேட்டின் அளவுக்கு மொத்தம் 36 கிலோ கூடும். எங்கள் வீட்டில் இதே தவறைச் செய்தேன். ஆறு மாதத்தில் கீல் தொங்கி, கதவின் அடிமுனை சிமெண்டுத் தரையில் கால்வட்டம் போட்டது. அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. ஆடி மாதம் அதைவிட மோசம். அம்மியையே பறக்கவிடும் காற்று அடைத்த கதவை விட்டுவைக்குமா? கொண்டி போடாத ஒருநாள் அது அறைந்து மூடிய வேகத்தில் என் ஸ்கூட்டரின் கண்ணாடி போயிற்று. நல்லவேளை, கை எதுவும் நடுவில் இல்லை. பழைய கேட்டில் எடை கூட்டி, அது கழன்று தெருக்குழந்தை மேல் விழுந்தால் கவனக்குறைவுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அதனால் நான் சொல்லும் சமரசம் துளையிட்ட தகடு. காற்று போகும், எடை குறைவு, பகலில் தெருவிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே தெளிவாகத் தெரியாது. உள்ளிருப்பவருக்குத் தெரு தெரியும். கொசுவலை அடித்த சன்னல் மாதிரிதான். ஒரு எச்சரிக்கை: வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம்தான் மறுபக்கத்துக்குத் தெரியும். விடியற்காலை ஐந்து மணிக்குத் தெரு இருட்டு, உங்கள் வாசல் விளக்கு பளிச். அந்த நேரத்தில் துளைத்தகடு உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். வாசல் விளக்கை அணைத்துவிட்டு, கேட் தூணில் தெருவைப் பார்த்த மாதிரி ஒன்றைப் போடுங்கள்.

இனி நடக்க வேண்டியவை

இந்த வாரமே கணவர் பெயரில் நோட்டீஸுக்குப் பதில் போகட்டும். காற்றுரிமையை மறுத்து, கேட் பொது என்பதை ஏற்று, பற்றவைத்த தகட்டைக் குடும்பத்துக்குள் பேசி முடிவாகும்வரை அகற்றிவைப்பதாகச் சொல்லுங்கள். இது தோல்வி என்று உங்களுக்குத் தோன்றும். கொழுந்தனாரின் வழக்குக்கு இருக்கும் ஒரே வலுவான காரணத்தை இது அவர் கையிலிருந்து எடுத்துவிடுகிறது. வெல்டிங்கை வெட்டும்போது கம்பியில் பெயிண்ட் போகும். அந்தச் செலவு உங்களுடையது.

அதன்பிறகு பேசப் போகிறவர் உங்கள் கணவராக இருக்கட்டும், நீங்கள் வேண்டாம். துளைத்தகட்டுக்குக் கொழுந்தனார் சம்மதித்தால் வெள்ளைத்தாளில் நான்கு வரி: எந்தத் தகடு, எவ்வளவு உயரம், செலவு யாருடையது, பின்னால் யாராவது விற்றால் என்ன. இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல். சொத்துரிமை எதுவும் கைமாறாததால் பதிவு செய்யத் தேவையில்லை. பேச்சு நடக்காவிட்டால், வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. அங்கே எட்டும் உடன்பாடு லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) தீர்வாகப் பதிவானால் அதற்கு மேல்முறையீடு கிடையாது என்பதால், கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள், கடைசிப் பத்தி உட்பட.

பட்டறையில் வெட்டிவைத்த மற்றத் தகடு வீணாகிவிட்டதே என்று பின்குறிப்பில் வருந்தியிருக்கிறீர்கள். படத்தில் மின்மீட்டர் பெட்டி மழை விழும் பக்கமாகத் திறந்து கிடக்கிறது. அதற்கு மேல் ஒரு சாய்ப்புப் போடச் சொல்லுங்கள். கணக்கெடுக்க வருபவர் நனையாமல் நின்று எழுதிக்கொண்டு போவார்.